புதிய ஆயரை எதிர்பார்த்திருக்கும் சபையாருக்கு

அன்பான சபையாரே,

மயிலாப்பூர், மந்தைவெளி, தி. நகர், அடையார் பக்கத்துச் சி.எஸ்.ஐ. சபைகளில் இந்தக் கோடையில் ஆயர் மாறப்போகும் சபைகளின் மக்களாகிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஈஸ்டர் முடிந்து வெயில் ஏறத் தொடங்கினாலே உங்கள் பேச்சு முழுக்க டிரான்ஸ்பர் லிஸ்ட்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்து காபி கப்பைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்துவிடுகிறீர்கள். "நம்ம ஐயாவை மாத்திட்டாங்களாமே", "வர்றவர் யாராம்?", "இங்கிலீஷ் சர்வீஸ் எடுப்பாரா?", "பாஸ்டரம்மா வேலைக்குப் போறாங்களா?" லிஸ்ட் அதிகாரபூர்வமாக வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வருகிறவர் பழைய சபையில் எந்தக் கமிட்டி மெம்பரோடு முட்டிக்கொண்டார் என்ற தகவலும் கூடவே வந்து சேர்கிறது. அவர் உங்கள் காம்பவுண்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே அவர் எப்படிப்பட்டவர் என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள்.

நான் ஆயர் வீட்டுப் பெண். அப்பாவுக்கு மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய் வளர்ந்தவள். இப்போது உங்களோடு பெஞ்சில் உட்காருகிறேன், சந்தா கட்டுகிறேன், கமிட்டித் தேர்தலில் ஓட்டுப் போடுகிறேன். குருமனையின் சமையலறையில் கேட்கும் பேச்சும் ஆலயத்தின் பின்வரிசையில் கேட்கும் பேச்சும் இரண்டும் எனக்குத் தெரியும். ஆயர்களுக்காகப் பரிந்து பேச இவள் கிளம்பிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். ஆயர்களில் சோம்பேறிகளும் உண்டு, கோபக்காரர்களும் உண்டு, ஒரே பிரசங்கத்தை மூன்று சபையில் செய்தவர்களும் உண்டு. நான் பேச வந்தது வேறு சிலருக்காக. அவர்கள் யார் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் மேல் எனக்கிருக்கும் வருத்தங்களைக் கொட்டிவிடுகிறேன்.

முதலில் அந்தக் கேள்வி. "ஐயாவுக்குச் சொந்த ஊர் எது?" நீங்கள் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறீர்கள். ஆனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது கேட்கிற உங்களுக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். சாமுவேல், டேனியல், ஜான்சன் என்று பெயர் வைத்துக்கொண்டோம். பெயரை வைத்துச் சாதியைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே ஊரைக் கேட்கிறீர்கள். ஊர் போதவில்லையென்றால் தாத்தா பெயர், பெண் எடுத்த இடம் என்று தோண்டுகிறீர்கள். பேராயர் எம். அசரியாவும் அவருக்குப் பின் வந்த பேராயர் தேவசகாயமும் தலித் இறையியலைப் பேசியும் எழுதியும் வந்த பேராயம் இது. அவர்கள் கையால் திடப்படுத்தல் பெற்றவர்களே, புதிய ஆயர் காபியில் வாய் வைப்பதற்குள் இந்த விசாரணையை நடத்தி முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வருகிறவர் பெண்ணாக இருந்தால் கதை இன்னும் மோசம். 1976இலேயே எலிசபெத் பால் இந்தத் திருச்சபையில் ஆயராக அபிஷேகம் பெற்றார். 2013இல் நந்தியாலில் புஷ்ப லலிதா பேராயரே ஆகிவிட்டார். இத்தனைக்குப் பிறகும் "கல்யாணத்துக்கு மட்டும் வேற ஐயரைக் கூப்பிட்டுக்கலாமா?" என்று கேட்க உங்களுக்கு நா கூசவில்லை.

அடுத்தது குருமனை. நீங்கள் அதைச் சபையின் சொத்தாகவே பார்க்கிறீர்கள், அது சரிதான். ஆனால் அதற்குள் ஒரு குடும்பம் குடியிருக்கப்போகிறது. என் சின்ன வயதில் ஒரு சபையில் நாங்கள் போய் இறங்கிய அன்று, பெட்டியைப் பிரிக்கும் முன்பே இரண்டு பேர் நோட்டும் பேனாவுமாக வந்து எத்தனை ஃபேன், எத்தனை டியூப்லைட் என்று எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று அம்மா கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. மே மாதம் சென்னையில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் ஒரு குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. பிள்ளைகளின் டிசி ஒரு ஊரில், அட்மிஷன் இன்னொரு ஊரில். ஜூனில் பள்ளி திறக்கும்போது எந்த யூனிஃபார்ம் என்பதே தெரியாமல் நின்றதுண்டு. வழியனுப்பு விழாவில் போர்த்திய சால்வைகள் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கூடவே வரும். ஆயர் வீட்டில் என்றைக்கும் பஞ்சமில்லாத ஒரே பொருள் சால்வைதான்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பெரிய வருத்தம், போனவரை நீங்கள் போகவிடுவதில்லை என்பது. பழைய ஆயர் வேளச்சேரிக்கோ பல்லாவரத்துக்கோ மாறியிருப்பார். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்தான் வர வேண்டும். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் அவர்தான் வர வேண்டும். புதிய ஆயரிடம் போய், "அவர் வந்து நடத்தட்டும், நீங்க ஒரு ஜெபம் மட்டும் பண்ணுங்க" என்கிறீர்கள். அவர் மறுத்தால் பொறாமைக்காரர், சம்மதித்தால் தன் சபையிலேயே விருந்தாளி. இது போதாதென்று, புதியவர் என்ன மாற்றினாலும் அன்று இரவே பழையவருக்குப் போன் போகிறது. "நீங்க இருந்தப்ப இப்படியா ஐயா இருந்துச்சு?" அந்தப் போனை எடுக்காமலிருக்கும் மன உறுதி எல்லா ஆயர்களுக்கும் வாய்த்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

அன்பினால்தானே செய்கிறோம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்த அன்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. மிஷனரி ரேனியஸ் 1814இல் சென்னையில் வந்திறங்கித் தமிழ் கற்று, 1820இல் திருநெல்வேலிக்குப் போனவர். அங்கே அவர் காலத்தில் கிராமம் கிராமமாகச் சபைகள் எழுந்தன. ஆங்கிலிக்கன் ஒழுங்குகளைப் பற்றிய தகராறில், அவரை அனுப்பிய சி.எம்.எஸ். மிஷன் 1835இல் அவரை விலக்கியது. அவர் இடத்துக்கு ஜார்ஜ் பெட்டிட் வந்தார். ரேனியஸ் விலகி ஆர்க்காட்டுக்கே போய்விட்டார். ஆனால் அவரை நேசித்த உபதேசியார்கள் திரும்ப வரும்படி அழைத்தார்கள், அவரும் வந்தார். அதன்பின் சபைகள் இரண்டு பட்டன. நேற்றுவரை ஒரே பந்தியில் திருவிருந்து எடுத்தவர்கள் "அவருடைய ஆட்கள்", "இவருடைய ஆட்கள்" என்று பிரிந்து நின்றார்கள். 1838இல் ரேனியஸ் இறந்த பிறகுதான் பிரிந்தவர்கள் மெல்ல மெல்லத் திரும்பிச் சேர்ந்தார்கள். ரேனியஸ் பெரிய மனிதர், அதில் சந்தேகமில்லை. அவரை நேசித்தது தவறு என்றும் நான் சொல்லவில்லை. ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டதற்கு ஒரு நாட்டுப்புறமே என்ன விலை கொடுத்தது என்பதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். கொரிந்து சபையில் பவுலின் கட்சி, அப்பொல்லோவின் கட்சி என்று பிரிந்து நின்றதைப் படித்துவிட்டு, "அந்தக் காலத்து ஆட்களே அப்படித்தான்" என்று நாம் சிரிக்கிறோம்.

"எங்களைக் கேட்காமல் எதற்கு மாற்ற வேண்டும்?" என்பதும் உங்கள் குறை. கேட்க வேண்டிய கேள்விதான். நம் திருச்சபைக்குள்ளேயே அதற்கு மூன்று பதில்கள் இருந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று, இதே கதீட்ரல் சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வந்து சேர்ந்தவர்கள் இந்த விஷயத்தில் ஒருவருக்கொருவர் நேர் எதிர். ஆங்கிலிக்கன்களுக்குப் பேராயர் ஆள் அனுப்புவார். காங்கிரிகேஷனல் மரபில் சபையே கூடித் தன் போதகரை அழைத்துக்கொள்ளும். மெதடிஸ்டுகளுக்கோ ஊர் ஊராக மாறிக்கொண்டே இருப்பதுதான் ஊழியம். ஜான் வெஸ்லி 1784இல் பதிவு செய்த பத்திரத்திலேயே, ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்றவர்கள் நீங்கலாக, எந்தப் பிரசங்கியாரையும் ஒரே ஆலயத்தில் தொடர்ந்து மூன்று வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார். இராயப்பேட்டை வெஸ்லி ஆலயத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று வருஷம் நினைவுக்கு வரும்.

நாம் இப்போது வைத்திருப்பது இந்த மூன்றும் கலந்த ஒன்று. சபையே ஆயரைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் போய்விட்டது. தேர்ந்து கொண்டுவந்தவர்களைப் போல அதிகாரம் செய்யும் பழக்கம் மட்டும் உங்களிடம் தங்கிவிட்டது. மாற்றல் முறையில் அரசியல் இல்லை, சிபாரிசு இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. ஆனாலும் முறையே வேண்டாம் என்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். ஒவ்வொரு சபையும் தனக்குப் பிடித்தவரைத் தானே அழைத்துக்கொள்ளலாம் என்றால், அடையாருக்கும் தி. நகருக்கும் நல்ல ஆயர் எப்போதும் கிடைப்பார். திருவள்ளூருக்கு அப்பால் ஓட்டுக் கூரையும் ஒற்றை மணியுமாக இருக்கும் சபைக்கு யார் போவார்? அந்தச் சபையில் சைக்கிளும் டிவிஎஸ் ஐம்பதுமாக அலைந்து ஐந்தாறு கிராமங்களைப் பார்த்துக்கொண்டவர்தான் இப்போது உங்களிடம் வருகிறார். அவர் "வாங்க, போங்க" என்பதில் கிராமத்துச் சாயல் அடிக்கிறது என்று பாடகர் குழுவில் கேலி செய்கிறீர்கள்.

நம் பேராயத்தில் 1965 முதல் 1974 வரை பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகினை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். 1947இல் அந்தப் பேராலயத்தில் பேராயராக அபிஷேகம் பெற்றபோது அவருக்கு வயது 37. முதலில் மதுரை, பிறகு உலகத் திருச்சபை அமைப்புகளில் வேலை, அதன்பின் சென்னை. இங்கிருந்து ஓய்வு பெற்றவர் மனைவி ஹெலனோடு, இரண்டு பெட்டியும் ஒரு முதுகுப்பையுமாக, கிடைத்த பஸ்களில் ஏறித் தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். எத்தனை சால்வை கிடைத்திருக்கும், அவற்றை எங்கே விட்டுவிட்டுப் போனார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அதைவிடப் பெரிய விஷயம் 1980இல் நடந்தது. பர்மிங்ஹாம் நகரில் வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே ஒரு சின்னச் சபை. ஆள் குறைந்துபோய், மூடிவிடலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. எழுபது வயதில் அந்தச் சபைக்குப் போதகராகப் போனார் நியூபிகின். சென்னையின் பேராயராக இருந்தவர், தன்னை யாரென்றே தெரியாத தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்.

கதவைத் தட்டுவது என்று சொன்னேன் அல்லவா, நான் சொல்ல வந்தது அதுதான்.

சாந்தோம் பேராலயத்துக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்கு இருப்பார். அவருடைய கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத் தொகுப்பு 1983இல் வந்தது. மொத்தம் 1752 விதிகள். அதில் கடைசி விதி எதைப் பற்றியது தெரியுமா? பங்குத்தந்தையின் இடமாற்றத்தைப் பற்றியது. ஆன்மாக்களின் மீட்பே திருச்சபையின் மேலான சட்டம் என்பதை அவர்கள் அந்த இடத்தில் வைத்துத்தான் சொல்லி முடிக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் தற்செயலாக அங்கே வைத்தார்களோ என்னவோ, எனக்கு அது சரியான இடமாகப் படுகிறது. ஆயர் மாறும்போது ஆபத்துக்குள்ளாவது ஆயருமில்லை, கமிட்டியுமில்லை. வேறு சிலர்.

பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் என்ன நடக்கிறது என்று உங்களில் கமிட்டியில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெஸ்ட்ரியில் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஞானஸ்நானப் பதிவேடு, 1872ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எழுதும் திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, கேஷ்புக், திருவிருந்துப் பாத்திரங்கள், பீரோ சாவி. வங்கியில் கையெழுத்து மாற்றுவதற்கான தாள். எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும் டீ வரும். அந்த மேஜைமேல் ஒரு பெயர்கூட வைக்கப்படுவதில்லை. எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்று எழுதிய ஒரு தாளும் அங்கே இல்லை.

மந்தைவெளியில் லிஃப்ட் இல்லாத பழைய பிளாட்டில் மூன்றாம் மாடியில் ஒரு அம்மா இருக்கிறார். கண் போய்விட்டது, பிள்ளைகள் அமெரிக்காவில். மாதத்துக்கு ஒருமுறை பழைய ஆயர் திருவிருந்துப் பெட்டியோடு படியேறிப் போவார். அப்பத்தை ரசத்தில் நனைத்துக் கொடுத்தால்தான் அந்த அம்மாவால் விழுங்க முடியும், முதலில் ஒரு கீர்த்தனை பாட வேண்டும், பகல் பன்னிரண்டுக்குப் பிறகு போனால் வீட்டு வேலைக்காரப் பெண் இருக்க மாட்டாள், கதவு திறக்காது. இத்தனையும் அந்த ஆயரின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவர் மாறிப்போனதும் அந்தத் தகவலும் அவரோடு போய்விட்டது. புதிய ஆயர் வந்து எட்டு மாதம் வரை அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். கமிட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே தெருவில் நம் சபையார் வீடுகள் நான்கு இருக்கின்றன.

பெரும்பாக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டவர்களில் நம் சபைக் குடும்பங்களும் உண்டு. நம் ஞாயிறு பள்ளியில் படித்த பிள்ளைகள் அவர்கள். முதல் சில மாதங்கள் விடியற்காலை பஸ் பிடித்து வந்தார்கள். பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தார்கள். பிறகு வரவில்லை. சந்தா பாக்கி ஏறியது, வாக்காளர் பட்டியலில் பெயர் போனது. இடையில் ஆயர் மாறினார். புதியவருக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. பட்டியலில் இல்லாதவரை அவர் எங்கே போய்த் தேடுவார்? குடியை விட்டுவிட்டு மறுபடி தடுமாறிக்கொண்டிருக்கும் அந்தப் பையன், கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து யாரிடமும் பேசாமல் பின்வரிசையில் உட்காரும் அந்தப் பெண் என்று இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு மாற்றலிலும் இவர்களில் யாராவது ஒருவர் கைநழுவிப் போகிறார். பேராயர் அலுவலகத்துக்கு அது தெரியாது, எந்தக் கணக்கிலும் வராது.

ஆகவே என் வேண்டுகோள் இது. புதிய ஆயர் வந்து இறங்கிய முதல் மூன்று மாதம் அவருக்குச் சால்வை போர்த்துவதையும் வரவேற்புக் கூட்டங்களையும் நிறுத்தி வையுங்கள். பதவியேற்பு ஆராதனையும் அன்று ஒரு வேளைச் சாப்பாடும் போதும். அந்தச் சாயங்காலங்களையெல்லாம் எனக்குக் கொடுத்துவிடுங்கள், அதாவது வீடு பார்ப்பதற்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பகுதியில் வெளியே வர முடியாதவர்கள் யார் என்று இப்போதே, பழைய ஆயர் மூட்டை கட்டும் முன்பே, அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். பெயர், மாடி, போக வேண்டிய நேரம், கதவைத் திறப்பவர் யார், பிடித்த பாட்டு என்ன. ஆயரிடம் அவர்கள் தனியாகச் சொன்ன எதையும் எழுதாதீர்கள், அது அவரோடு இருக்கட்டும். எழுதுவதற்கு முன் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு புதிய ஆயரைத் தனியாக அனுப்பாமல் உங்களில் இரண்டு பேர் கூடப் போங்கள். சென்னை வீட்டு எண்களில் பழையது புதியது என்று இரண்டு இருப்பதால், தனியாகப் போகும் வெளியூர்க்காரர் எந்த வீட்டையும் கண்டுபிடிக்க மாட்டார். முதல் பயணம் பெரும்பாக்கத்துக்கு இருக்கட்டும். போகும்போது சந்தா நோட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பழைய ஆயரைப் பார்க்க ஆசையாக இருந்தால் அவர் புதிய சபைக்கு ஒரு ஞாயிறு போய் ஆராதனையில் உட்காருங்கள், கைகொடுத்துவிட்டு வாருங்கள். கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள், பந்தியில் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். தாலியோ மோதிரமோ உங்கள் ஆயர் கையிலிருந்தே வாங்குங்கள். புதியவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால், கடைசியாக இருந்த சபையில் யாரையெல்லாம் விட்டு வந்திருக்கிறார் என்று கேளுங்கள். அங்கேயும் ஒரு மூன்றாம் மாடி இருக்கும், அந்தப் பட்டியலை அந்தச் சபைக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இதற்குப் பேராயரின் உத்தரவு வேண்டியதில்லை, கமிட்டித் தீர்மானம்கூட வேண்டியதில்லை. தீர்மானம் போட்டால்தான் சபை அசையும் என்றால், அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் முதல் பொருளாக இதை வைக்கும்படி உங்கள் செயலரிடம் எழுத்தில் கேளுங்கள். வரும் ஞாயிறு காபி வாங்கும்போது உங்கள் தெருவிலிருந்து ஒரு பெயரையும் உங்களுக்கு வசதியான ஒரு சாயங்காலத்தையும் செயலரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பெரும்பாக்கத்துக்குப் போகும் நாள் எது என்று முடிவானதும் எனக்கும் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
ஓர் ஆயர் வீட்டுப் பெண்